மேல் பெட்டி வைத்த பிறகு ஊற்றிய சீனித் தண்ணீர்

என் செல்ல மச்சாள் ரெஜினி,

நீ வேலை செய்த கந்தோரில் மயங்கி விழுந்து, வீடு திரும்பாமலே போய் இரண்டு மாதம் ஆகிறது. முப்பத்தோராம் நாள் பூசை முடியும் வரை நான் எங்கள் வீட்டு மொட்டைமாடிப் பக்கம் போகவில்லை. ஆணியில் தொங்கும் உன் வலைத்தொப்பியைப் பார்க்க முடியாது என்று பயந்தேன். தொப்பியைப் பார்த்தேன், தாங்கிக்கொண்டேன். எப்போதும் நீயே திறந்து பார்த்துவந்த தேனீப் பெட்டியில் கண்டதைத்தான் தாங்க முடியவில்லை.

தேனுக்கான மரச்சட்டங்கள் இருக்கும் மேல் பெட்டியின் மீது, மூடியில் துளையிட்ட ஜாம் போத்தல் ஒன்று தலைகீழாக நின்றது. உள்ளே சீனி கட்டிபட்டிருந்தது. அதுவும் தென்னையும் ஜாம்பழ மரமும் பூத்துக் கொட்டுகிற மாதத்தில். பெட்டி மூடியின் உட்புறம் உன் கையெழுத்து: "மேல் பெட்டி வைத்தால் சீனி நிறுத்து."

சனிக்கிழமைத் தேனீ வளர்ப்பு வகுப்பில் நாம் பக்கத்தில் பக்கத்தில் இருந்து எழுதிய முதல் விதி அது. மழைக்காலத்தில் பூ இல்லாதபோது ஒரு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர் கரைத்துக் கொடுக்கலாம், அது பசிக்கு. தேன் எடுக்கும் காலத்தில் கொடுத்தால் தேனீக்கள் அந்தப் பாகையே தேன்வதையின் அறைகளில் நிரப்பி மூடிவிடும். அப்படியானால் இவ்வளவு காலமும் நாம் போத்தலில் அடைத்தது என்ன, ரெஜினி?

கீழ்ப் பெட்டியையும் பார்த்தேன். ராணி முட்டையிட வேண்டிய நடு வதைகளிலும் பாகு. சட்டத்தின் அடி விளிம்பில் புது ராணிகளுக்கான கூடுகள் மூன்று, நிலக்கடலை போலத் தொங்கின. இடமில்லாத கூட்டம் பிரிந்து போக ஆயத்தமாகிறது. போன வருடம் நமது இரண்டாவது பெட்டி எப்படி வெறுமையானது என்று அப்போதுதான் விளங்கியது.

அதற்கு டெங்கு நுளம்புக்கு அடிக்கும் புகைதான் காரணம் என்று நீ சொன்னாய். நான் அடுத்த நாளே தெருவில் புகையடிக்கும் அண்ணனை மறித்து, கடைக்காரர்கள் வெளியே வந்து பார்க்கும்படி கத்தினேன். யாரிடமும் குரல் உயர்த்தாதவள் நான். நீ என் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அபிஷேகத்துக்கு, "என்ர மருமகளின்ர தேன்" என்று ஐயரிடம் பெருமையாகக் கொடுத்தவர் அல்லவா. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

"அவள் எண்டைக்கும் கோயில் வாசலிலேயே நிண்டவள். கழுத்தில சிலுவை எண்டதால கூச்சப்படுறாள் எண்டு நான் நினைச்சன்."

ஆய்ந்த கீரையைச் சட்டியில் போட்டுவிட்டு, "சாமிக்குச் சீனி பழக்கம்தான். எனக்குத்தான் மனம் ஆறேல்லை" என்றார்.

ஏன் செய்தாய்? முதல் வருடம் இரண்டு பெட்டிக்கும் சேர்த்து மூன்று போத்தல்தான் வந்தது. கொட்டாஞ்சேனையில் உங்கள் வீட்டில், நுளம்பு வளர்த்திருந்தால் இதைவிடக் கூடக் கிடைத்திருக்கும் என்று உன் தம்பி பகிடி பண்ணினான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றா தொடங்கினாய்? அடுத்த வருடம் கேட்டவர்களுக்கெல்லாம் நான் போத்தல் தருவதாகச் சொல்லி வைத்தேனே, அதனாலா? எப்படி இவ்வளவு வருகிறது என்று நான் கேட்ட ஒவ்வொரு முறையும் "பிள்ளைகள் கெட்டிக்காரர், மச்சாள்" என்றாய்.

பாகு நிறைந்த சட்டங்களை எடுத்துவிட்டு வெறும் வதைச் சட்டங்களை வைத்தேன். ராணிக்கூடு உள்ள ஒரு சட்டத்தையும் குஞ்சுச் சட்டங்கள் இரண்டையும் தேனீக்களோடு காலிப் பெட்டிக்கு மாற்றி, அவை பிரிந்து போகுமுன் நானே பிரித்தேன். மிச்சக் கூடுகளை நசுக்கினேன். கையில் நாலு கொட்டு. நேற்றுப் பார்த்தேன், இரண்டு பெட்டியிலும் முட்டை இருக்கிறது. மேல் பெட்டியை இறக்கிவிட்டேன். இந்த வருடம் யாருக்கும் தேன் இல்லை.

போன கிழமை அந்தப் புகையடிக்கும் அண்ணனைக் கண்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு என் முகம் நன்றாக ஞாபகம் இருந்தது.

"நாங்க மொட்டைமாடிக்கு ஏறவே இல்லன்னு அன்னைக்கே சொன்னேனே, மிஸ். பரவால்ல, விடுங்க. கூட நின்ன மிஸ் மறுநாளே ஒரு போத்தல் தேன் கொண்டாந்து குடுத்தாங்க. ஏன்னு கேட்டேன், சும்மான்னாங்க. நல்ல தேன் மிஸ், புள்ளைங்க வழிச்சு வழிச்சுத் தின்னுச்சுங்க."

உனக்கு மனம் உறுத்தியிருக்கிறது. அதற்கும் அதே பாகைத்தான் கொடுத்திருக்கிறாய்.

நீ இறந்துவிட்டாய் என்று அவருக்குச் சொன்னேன். அந்தப் போத்தலில் இருந்தது என்ன என்பதையும் சொன்னேன். அதை ஏன் சொன்னீங்க என்பது போல அவர் என்னைப் பார்த்தார்.

ரெஜினி, எடுத்து வைத்த பாகுச் சட்டங்களை மழைக்காலப் பசிக்குத் தேனீக்களுக்கே கொடுப்பேன். அது முடிந்து, பூக்காலம் வந்து, அவை தாமாகக் கொண்டுவந்து மூடி வைத்ததில் கொஞ்சம் எடுப்பேன். அரைப் போத்தல்தான் வந்தாலும் அது அந்த அண்ணனின் வீட்டுக்குப் போகும். நீ தந்ததாகச் சொல்ல மாட்டேன். நீ அவருக்குத் தர வேண்டியிருந்த தேன் என்று சொல்வேன்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் மாமி மகள்.
வெள்ளவத்தை