பாறை என்று எழுதியவள் நான்

பாசமுள்ள சின்னையா அண்ணே,

இத்தனை வருடத்தில் நான் உங்களுக்கு எழுதியதெல்லாம் "நாளைக்கு ஏழு மணிக்கு வந்துருங்கண்ணே" என்ற மாதிரியான வாட்ஸ்அப் செய்திகள்தான். பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பி வைப்பீர்கள். முதல்முறை உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன், அதைப் படிக்க நீங்கள் இல்லை.

நாம் யாரென்று தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கிள்ளானில் குடியிருந்தீர்கள், போரிங் மெஷின் ஓட்டினீர்கள். வீடோ பாலமோ எழும்புவதற்கு முன்னால் தரையைத் துளைத்து, அடியிலிருக்கும் மண்ணையும் கல்லையும் எடுத்துக் காட்டுவது உங்கள் வேலை. அதைப் பார்த்து இது மண், இது பாறை என்று பதிவு எழுதுவது நிலவியல் படித்த என் வேலை. பதினாறு வருடம் ஒரே குடையின் கீழ் நின்று சேற்றில் வேலை பார்த்தோம். எனக்கு வாய் அதிகம், உங்களுக்குக் காது அதிகம் என்று நம் ஆட்கள் கேலி செய்வார்கள்.

ரவாங் பக்கம் அந்த மலைச்சரிவு நினைவிருக்கிறதா? நாலு வருடம் முன்பு நாம் மெஷினை ஏற்றியபோது அது முழுக் காடு. இப்போது அங்கே மூன்று வரிசை வீடுகள். இந்த மழைக்கு மேல் வரிசையின் பின்புறத் தடுப்புச் சுவர் விரிசல் விட்டது. சுவருக்கு மேலே, வெட்டிய சரிவில் பெரணிச் செடிகள் மண்டிக் கிடக்கும் இடத்தில், மண் ஒரு முழம் கீழே இறங்கிவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் மேல் வரிசைக் குடும்பங்கள் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு சொந்தக்காரர்கள் வீட்டில் இருக்கிறார்கள். ஒரு அம்மா வாசலில் நட்ட கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும் தினம் வந்து போகிறார். காவலாளி உள்ளே விடுவதில்லை, அதனால் அந்த அம்மா வேலிக்கு வெளியே நின்று குழாயை நீட்டுகிறார்.

அந்தச் சுவரின் அடித்தளம் அடிப்பாறையில் உட்கார்ந்திருக்கிறது என்பது கணக்கு. அடிப்பாறை அங்கே இருக்கிறது என்று சொன்னது நம் மூன்றாவது துளை.

அன்று காலையில் மெஷினை நிறுத்திவைத்துவிட்டு நீங்கள் காட்டுக்குள் ஒரு சுற்றுப் போய் வந்தீர்கள். கீழே ஒரு இடத்தில் காட்டுவாழை மட்டும் கொழுகொழுவென்று நிற்கிறது, மழை இல்லாத நாளிலும் அதன் காலடியில் தண்ணீர் கசிகிறது என்றீர்கள். மேலே மரங்கள் அடியில் வில்லாக வளைந்து, பிறகு நிமிர்ந்து வளர்ந்திருக்கின்றன, இந்த மண் நடந்துகொண்டே இருக்கிறது என்றீர்கள். நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டினேன்.

நம் மலைகளில் கருங்கல் எப்படிக் கெடும் என்று எனக்குப் பாடமாகவே தெரியும். வெங்காயம் உரிகிற மாதிரி வெளியிலிருந்து உரிந்து உரிந்து மண்ணாகும். நடுவில் உரியாத உருண்டைகள் அங்கங்கே மாட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வீடு அளவுக்குக்கூட இருக்கும், அதற்கு அடியிலும் மண்தான். மேலிருந்து துளைக்கிறவனுக்கு உருண்டையும் அடிப்பாறையும் ஒரே கல். அதனால்தான் கல்லைத் தொட்டதும் நிறுத்தாமல், இன்னும் சில மீட்டர் கல்லுக்குள்ளேயே போய்ப் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். தேர்வில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

மூன்றாவது துளையில் கல் வந்தது. இரண்டு மீட்டர் போனோம், நல்ல கெட்டிக் கல். அப்போது, துளைக்கும்போது உள்ளே செலுத்துகிற தண்ணீர், குழாய் வழியே திரும்பி மேலே வரவேண்டியது, சட்டென்று நின்றது. நீங்கள் மெஷின் மேல் கையை வைத்து அதன் அதிர்வைக் கவனித்தீர்கள்.

"ஏம்மா, தண்ணி திரும்பி வரல பாத்தியா? அடியில மண்ணு இருக்கு. சத்தமும் வேற மாதிரி கேக்குது. இன்னும் நாலு மீட்டர் போயி பாத்துருவோம்லா."

"வெடிப்பு உள்ள கல்லு தண்ணி குடிக்கத்தான்ணே செய்யும். இது அடிப்பாறைதான். நாளைக்கு மெஷின இறக்கணும், லோரிக்குச் சொல்லியாச்சு."

"லோரிய நாள மறுநாளு வரச் சொல்லலாமே."

"இதப் படிச்சது நானா, நீங்களா?"

இன்ஜினியர்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் ஒரு மெஷின்காரர் என்னைத் திருத்துவதா என்ற திமிர், வேறொன்றும் இல்லை. நீங்கள் கோபப்படவில்லை. "சரிம்மா. நீ எழுதறதுதான் எழுத்து" என்று சொல்லி இன்ஜினை அணைத்தீர்கள். நான் 'பாறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு மரங்களை வெட்டினார்கள். காடு இருந்தவரை மழை இலையில் தங்கி, சருகில் தங்கி, வேரில் தங்கி மெல்ல இறங்கியது. காடு போனதும் நேராக மண்ணுக்குள் போனது. உருண்டைக்கு அடியிலிருந்த மண் ஊறி இளகியது. போன மாதம் அதே இடத்தில் வேறு மெஷின் வைத்துத் துளைத்தார்கள். கல் மூன்று மீட்டர்கூட இல்லை அண்ணே. அதற்கடியில், விரலால் நசுக்கினால் மாவாகிப் போகிற செம்மண். அதைக் கையில் வாங்கி நானே நசுக்கிப் பார்த்தேன்.

அன்று மதியம் கூட்டம். நாம் துளை போட்ட நாளில் அங்கே இல்லாத ஒரு இன்ஜினியர் நம் பழைய பதிவைப் புரட்டிவிட்டு, "டிரில்லர் சீக்கிரமே நிறுத்திட்டு பாறைன்னு சொல்லியிருப்பாரு போல. ஆளும் இப்ப இல்லையாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். என் வாயைப் பற்றித்தான் ஊருக்கே தெரியுமே. அன்று அது திறக்கவில்லை. முன்னால் வைத்த தே ஓ, அந்தப் பால் இல்லாத தேநீர், ஆறிப்போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேச்சு கிள்ளானுக்குப் போய்ச் சேர இரண்டு நாள்கூட ஆகவில்லை. லெட்சுமி அண்ணி போன் செய்தார். "உன் அண்ணன் வேலைய பாதியில வுட்டுட்டு வந்துட்டாருன்னு பேசிக்கிறாங்களே வசந்தி. அவரு அப்படிப்பட்ட ஆளா?" என்றார். வந்து சொல்கிறேன் அண்ணி என்றேன். மறுநாள் ரயிலில் கிளம்பினேன். இரண்டு முறை நடுவில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று பார்த்தேன்.

அண்ணி பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி நிற்கவில்லை. கடைசியில்தான் பேசினார்.

"ஒருநாள் ரவாங் வேலை முடிஞ்சி வந்தாரு, சோறு வேணான்னுட்டாரு. 'அந்தப் புள்ள கேக்கலடி'ன்னு மட்டும் சொன்னாரு. எந்தப் புள்ளன்னு நானும் கேக்கல."

நான் அழுதேன். அண்ணி என்னைத் தேற்றவில்லை.

"ஒன்னய ஏச மாட்டேன். ஆனா எங்கிட்ட அழுதுட்டு போயிட்டா சரியாயிருமா? மெஷின்காரவங்க அத்தன பேரும் அவரு பேரத்தான் சொல்றாங்க. அடுத்த வாரம் அவரு போயி ஒரு வருஷம் ஆகுது, பேப்பர்ல நினைவஞ்சலிப் படம் போடறோம். அவங்க எல்லாம் பாப்பாங்க. நீ அதுல எழுது."

அதனால்தான் அண்ணே இந்தக் கடிதம் உங்கள் படத்துக்குக் கீழே இருக்கிறது. அண்ணி கேட்டிருக்காவிட்டால் எழுதியிருப்பேனா? நல்லவள் மாதிரி ஆம் என்று சொல்ல ஆசை. தெரியவில்லை.

சுவர் விரிசல் விட்டதை விசாரிக்கிறவர்களுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். துளையை நிறுத்தச் சொன்னது நான், தண்ணீர் நின்றதைப் பதிவில் எழுதாமல் விட்டதும் நான். என்னை இனிமேல் கையெழுத்துப் போட விடுவார்களா, அந்த வீட்டுக்காரர்கள் என் முகத்தில் விழிப்பார்களா, எதுவும் தெரியாது. விட்டால், இனி நான் எழுதும் ஒவ்வொரு பதிவிலும் மெஷின் ஓட்டுகிறவர் சொன்னதை அவர் பேரோடு, அவர் வார்த்தையிலேயே எழுதுவேன். விடாவிட்டால், மேல் வரிசைக் குடும்பங்கள் வழக்குப் போட்டால் அது நடக்கிற இடத்துக்கெல்லாம் போய், கேட்கிறவரை இதையே சொல்வேன். இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

நம் மெஷின்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அன்று பாறை என்றவள் நான். மண் என்றவர் சின்னையா.

நீங்கள் சொன்னதுதான் சரி, அண்ணே.

கூடப் பிறந்த அண்ணன் இல்லாத என் கல்யாணத்தில், முன்னால் வந்து நின்று என் கையில் பொரியிட்டீர்களே,
அந்தத் தங்கை,
வசந்தி
பிரிக்பீல்ட்ஸ்