இன்னும் தித்திக்குது

ஜனவரி 6, செவ்வாய்
ஷிஃப்ட் முடிந்து வந்தால் வீடு முழுக்கப் புளிச்ச வாடை. என் வீட்டுக்காரன் மணிகண்டன் மறுபடியும் பீர் போட்டிருக்கிறான். பெங்களூரு பப்பில் பாத்திரம் கழுவியபோது கற்றுக்கொண்ட வித்தையாம். தண்ணி கேனில் பார்லிச் சாறு, ஈஸ்ட், மூடியில் ஒரு குழாய். அடுப்படியில் கால் வைக்க இடமில்லை என்றேன். கரண்டி பறந்து வந்தது. குனிந்துவிட்டேன்.

ஜனவரி 13
குழாயில் குமிழி நின்றுவிட்டது. "ஆயிடுச்சு, பாட்டிலுக்கு மாத்திடலாம்" என்கிறான். கம்பெனியில் பேட்டரி ஆசிட் பார்க்கிற மிதவையைக் கொண்டுவந்து கேனில் விட்டான். முழுகிப்போனது. "பாரு, சக்கரையே இல்ல."

கனமான ஆசிட்டில் மிதக்கிற மிதவை வேறு எதில்தான் முழுகாது? ஒரு சொம்புத் தண்ணியில் விட்டுக் காட்டினேன். அதிலும் முழுகியது. அவ்வளவுதான் — முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். "எனக்கே சொல்லித் தர்றியாடி?" எங்கள் மகள் பாப்பா பார்த்துக்கொண்டே நின்றாள். அழக்கூட இல்லை.

ஜனவரி 14
காது இன்னும் கொய்ங்குன்னு கத்துது.

ஜனவரி 16
ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். தித்திப்பு அப்படியே இருக்கிறது. ஓசூர் குளிருக்கு ஈஸ்ட் ஒடுங்கிக் கிடக்கு, சாகல. இப்போ பாட்டிலில் அடைத்தால் வெயில் ஏறியதும் முழிச்சுக்கும், மிச்சச் சக்கரையைத் தின்னு உள்ளேயே காத்தைக் கக்கும். போன வருஷம் இப்படி அவசரப்பட்டுத்தான் ஒரு பாட்டில் வெடித்து, சில்லு கதவில் குத்தி நின்றது. கேட்டால் பாட்டில் மட்டம் என்கிறான்.

பக்கத்து வீட்டு பேகம் அக்கா என் நெற்றியைப் பார்த்துவிட்டார். "ஏம்மா சுமலதா, எத்தினி நாளைக்கு இப்படி? பாப்பாவையாவது எங்க வீட்ல விடு."

ஜனவரி 18, ஞாயிறு
பாப்பாவை அடிச்சிட்டான். பாவி. கேனை ஆட்டிட்டாளாம். கன்னத்துல அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு. அந்தக் கை வெளங்குமா?

அடித்த கையோடு, "நாளைக்கு பாட்டிலுக்கு மாத்தி வை. பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சக்கரை போடு."
"இன்னும் தித்திக்குது. வெடிக்கும்."
"மூடிட்டு சொன்னதச் செய்டி."

ஜனவரி 19
செய்தேன். ஒரு ஸ்பூன் இல்லை, மூணு. மூடியை இறுக்கி அழுத்தினேன். பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கி, மொட்டை மாடியில் வெயில் படுகிற இடத்தில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை அவனிடமே கொடுத்தேன். அவன் யாருக்கும் ஒரு மடக்குத் தருகிறவன் இல்லை. பாப்பா பேகம் அக்கா வீட்டில்.

நான் என்ன காரியம் செஞ்சிருக்கேன்? தெரிஞ்சேதான் செஞ்சிருக்கேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு
பாட்டிலைத் திறக்கப் போன அவன் கையிலேயே வெடித்தது. படி முழுக்க ரத்தமும் நுரையும். வலது கையில் நரம்பு அறுந்துவிட்டதாம். விரல் மடங்குவது கஷ்டம் என்றார் டாக்டர். "இவதான் சார் பண்ணா!" என்று வார்டே அதிரக் கத்தினான்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "வெடிக்கும்னு சொன்னேன் சார். கேக்கல." சொன்னது நிஜம்தானே.

பாவமா இருக்கா? இல்ல. பயமாத்தான் இருக்கு.

பிப்ரவரி 9
வீட்டுக்கு வந்துவிட்டான். சோறு ஊட்டச் சொன்னான், ஊட்டினேன். "உப்பு எங்கடி?" என்று இடது கையை ஓங்கினான். நான் நகரவில்லை.

"மாடியில இன்னும் ரெண்டு பாட்டில் இருக்கு" என்றேன்.

கை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. அடுத்த கவளத்தை மென்று முழுங்கிவிட்டு, "உப்பு சரியாத்தான் இருக்கு" என்றான்.