ஆறு சுற்று

அன்பு மகளுக்கு,

உன் மூத்தவன் கோல்பி வெல்டிங் பரீட்சையில் தேறிவிட்டான். சின்னவன் எழுத்துக்கூட்டும் போட்டியில் மாவட்டத்தில் மூன்றாவது. உன் மகள் டெலானி, கொடியும் மரத் துப்பாக்கியும் சுழற்றி ஆடும் பள்ளி அணியில் முன்வரிசைக்கு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை வட்டாரப் போட்டி. என்னால் பார்வையாளர் பலகையில் உட்காரவே முடியவில்லை, எழுந்து எழுந்து நின்றேன். ஐந்தாவதுதான் படித்தேன், ஆனால் கண் இருக்கிறது. நம் அணியின் நீலக்கொடிப் பெண்கள் தாளத்துக்குப் பிந்தினார்கள். டெலானி வீசிய துப்பாக்கி ஆறு சுற்று சுற்றிக் கைக்கு வர வேண்டும். தரையில் விழுந்தது. நாலாமிடம்.

அவளைப் பேருந்தருகே பிடித்துக்கொண்டேன். "ஏண்டி, துப்பாக்கி மேல இருக்கறப்போ கண்ணு எங்கடி போச்சு?"

"பாட்டி, கடைசி வரிசையில அம்மாவப் பாத்தேன். அதே நீள செம்பட்டை முடி."

"அது வேற யாரோடி."

"விழுந்தப்புறம்தான் தெரிஞ்சுது. நீ மட்டும் கண்ணாடிய மாட்டிக்கிட்டு எல்லாத்தையும் சரியாப் பாத்தியாக்கும்!"

அவள் அலமாரிக் கதவில் ஒட்டியிருப்பது நீ கிளம்பிய வருஷத்துப் படம். ஆறு வருஷமாகிறது. முடியை வெட்டிக்கொண்டாயோ, நரைத்துவிட்டதோ, எனக்கே தெரியாது. வேறெதுவும் நான் கேட்கவில்லை. அடுத்த போட்டி இருபத்தெட்டாம் தேதி. அதற்குள் இப்போது இருக்கிறபடியே ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் போடு.

உன் அம்மா