ஜுபைதா மாமியின் படம்

மேலப்பாளையம்.

அன்பு மகன் ஹாஜாவுக்கு உம்மா துஆவோடு எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லா காவல்ல நீ அங்கன நல்லா இருக்கணும். இங்கன வாப்பாவும் நானும் இருக்கோம், சொகம்னு எழுதத்தான் கை வரல. வாப்பாவுக்கு இருமல் கொறஞ்சிட்டு, ராவுல மட்டும் லேசா இழுக்கு, பயப்படாத. போன் இருக்கும்போது எதுக்கு காயிதம்னு நெனைப்ப. போன்ல பேசுனா நீ ஸ்பீக்கரப் போட்டுட்டு பாத்திரம் கழுவுத, ரூம்ல உள்ள அம்புட்டுப் பேரும் கேக்கான். இது அவங்க கேக்கதுக்கு உள்ளது இல்ல. அதான் சல்மான் ஃபாரிஸ் சார்ஜாவுக்குத் திரும்புதான்னு கேள்விப்பட்டு அவன் கையில குடுத்து விடுதேன். கூட ஒரு பொட்டலம் உவரிக் கருவாடு இருக்கு, நல்லா வெயில்ல காஞ்சது, நீயே தின்னு தீக்காம எல்லாருக்கும் குடு.

கொரோனா மறுபடியும் கூடுதுன்னு சொல்லுதாவ. உங்க சங்கத்துல இந்த நோன்புக்கும் அரிசிப் பை குடுக்கப் போறியளாம், போன வருசத்த விடப் பெரிய பேனரா அடிக்கச் சொல்லி இங்கன உங்க சங்க வேலையப் பாக்குத பய ரசீதுகிட்ட நீ சொன்னியாம், அவன் வந்து பெருமையா சொல்லிட்டுப் போறான். அந்தப் பேனர் அடிக்கதுக்கு முன்னால நம்ம அடுத்த வீட்டு ஜுபைதா மாமி எப்படி மௌத்தானாங்கிறத நீ தெரிஞ்சுக்கிடணும். சக்கரையில போயிட்டான்னு அன்னைக்கு போன்ல சொன்னேன்லா, அது பாதிதான்.

போன வருசம் கொரோனாவுக்குத் தெருவத் தகரம் வச்சு அடைச்ச சமயம். பீடிக் கடையெல்லாம் பூட்டியாச்சு, பீடி சுத்த எலையும் இல்ல தூளும் இல்ல, மாமி பீடித் தட்டக் கழுவிக் கவுத்திட்டா. புருசன் இல்லாதவ, ஒரே மவ அஸீலாவத் திசையன்விளையில கட்டிக் குடுத்துட்டு ஒத்தையில கெடந்தா. அப்பத்தான் உங்க பை வந்துச்சு. நல்ல அரிசி, நல்ல எண்ண, குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ரசீது வாசலுக்கு வாசல் பேனரப் பிடிக்கச் சொல்லி, பைய வாங்குதவளை நிக்க வச்சு போட்டோ எடுத்தான். ஏம்லேன்னு கேட்டேன். சார்ஜாவுல ஹாஜா காக்கா கேக்காவ மாமி, படம் வந்தாத்தான் பணம் போட்டவங்களுக்கு நம்பிக்கைன்னு சொன்னான். ஜுபைதா மாமி முக்காட்ட இழுத்து இழுத்து மூடுதா, இவன் கொஞ்சம் நிமிந்து பாருங்கங்கான். எனக்கு அப்பவே மனசுல சுருக்குன்னுச்சு.

அந்தப் படம் எங்கெங்கேயோ சுத்தி திசையன்விளையில சம்பந்தக்காரி போனுக்குப் போயிட்டு. உங்க உம்மா பேனர்ல வந்துட்டாவளே, அடுத்து சினிமாவான்னு அஸீலாகிட்ட கேட்டிருக்கா அந்த மனுசி. பிள்ள வயித்துப்பிள்ளக்காரி, அழுதுகிட்டே உம்மாவுக்கு போன் போட்டிருக்கா. அதுக்கப்புறம் அடுத்த தடவ பை வந்த அன்னைக்கு மாமி கதவத் தொறக்கல. உள்ள இருந்தே ரசீதுகிட்ட, "எங்க வீட்டுல நெறைய இருக்கு வாப்பா, இல்லாதவங்களுக்குக் குடுங்க"ன்னு சொல்லிட்டா. ரசீதும் நம்பிட்டான், நானும் நம்பிட்டேன்.

நோன்பும் வந்துட்டு. எப்பவும் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பெறகு பள்ளிவாசல்ல கஞ்சி ஊத்துவாவ, மச்சு வீட்டுப் பிள்ளையும் தூக்குவாளியோட நிக்கும், குடிசை வீட்டுப் பிள்ளையும் நிக்கும், எவ வீட்டுல அரிசி இல்லன்னு ஒருத்தருக்கும் தெரியாது. போன வருசம் பள்ளிய அடைச்சாச்சு, கஞ்சி இல்ல. நோன்பு மாசத்துல பகல்ல ஒருத்தி அடுப்பு எரியலன்னா யாரு என்னன்னு கேப்பா சொல்லு. நான் ஒரு நாள் வடையும் கஞ்சியும் குடுத்து விட்டேன். மறுநாள் பாத்திரத்துல முருங்கக்கீரை வச்சுத் திருப்பி விட்டா, அவளுக்கு வெறும் பாத்திரம் குடுத்துப் பழக்கம் கெடையாது. அதுக்கடுத்து வேண்டாம்னுட்டா. பெறகு பாத்தா அவ வீட்டு முருங்க மரம் மொட்டையா நிக்கி. கண்ணாலதான் பாத்தேன், புத்தியில ஏறல எனக்கு. திருப்பி வைக்க ஒரு எலை இல்லாமத்தான் அவ வேண்டாம்னுருக்கா.

ஒரு நாள் காலையில வாளி உருளுத சத்தம் கேட்டு ஓடுனோம். கெணத்தடியில கெடந்தா, மேலெல்லாம் வேர்வை. கொரோனான்னு பயந்து ஒருத்தரும் கிட்ட வரல, வாப்பாவும் நானுந்தான் தூக்குனோம். ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ. அந்த டாக்டரம்மா என்னத் தனியாக் கூப்பிட்டு, வயித்துல ஒண்ணும் இல்லாம சக்கரை மாத்திரைய மட்டும் போட்டிருக்காவளே, வீட்டுல சாப்பாடு குடுக்கலியான்னு கேட்டா. மாமி கண்ணத் தொறக்கவே இல்ல. அவ மௌத்தான பெறகுதான் ரிசல்ட் வந்துச்சு, கொரோனா இல்லன்னு. ஜனாஸா எடுத்து அடக்க நாலு ஆம்பளைதான் போனாவ. மேலப்பாளையத்துக்குப் போனா இந்தப் படி ஏறக்கூடாதுன்னு மாமியா வீட்டுல சொல்லிட்டாவ, அஸீலா கடைசியா முகத்தக்கூட பாக்கல.

உன்ன ஏசணும்னு எழுதலலே. நீ வெயில்ல நின்னு சம்பாரிச்சதுல குடுத்த, அது நல்ல மனசு, அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா இந்தத் தடவ பேனர் வேண்டாம், போட்டோ வேண்டாம். தெருவுல ஒரு வீடு விடாம எல்லா வீட்டுக்கும் குடுக்கச் சொல்லு. மச்சு வீட்டுக்கும் குடுக்கணும், நம்ம வீட்டுக்கும் குடுக்கணும், நானும் வாசல்ல நின்னு வாங்குவேன். பணம் போட்டவன் அத்தாட்சி கேட்டா உங்க உம்மா சாட்சின்னு சொல்லு. அதுவும் பத்தலன்னா அவன் பணமே வேண்டாம்.

நேரத்துக்குத் தின்னு, கூட்டத்துல மூக்கையும் வாயையும் மூடிக்க, தொழுகைய விட்டுராத. அல்லா உனக்கு நீண்ட ஆயுசும் இளகுன மனசும் தரட்டும். இன்னொரு காரியம், மறந்துராத. அஸீலா பொம்பளப் பிள்ள பெத்திருக்கா. உம்மா படம் ஒண்ணு இருக்குமா மாமின்னு என்கிட்ட கேட்டா, பிள்ளைக்குக் காட்டணுமாம். கல்யாணத்துலகூட அவ போட்டோவுக்கு நிக்கல, ஆதார் கார்டுல உள்ளது ஆளே தெரியல. உன் போன்ல இருக்க அந்தப் படந்தான் இருக்கு. அதுல பேனரும் பையும் தெரியாம வெட்டிட்டு, மாமி முகத்த மட்டும் எடுத்து அஸீலாவுக்கு அனுப்பு.

உன் உம்மா,
ஷம்ஸியா