சிவப்புக் குழாய்

யூலை, சனிக்கிழமை இரவு

இண்டைக்கு எட்மண்டனில சரியான வெக்கை. தங்கச்சியின்ர மகள் விளையாடிப்போட்டு வேர்த்து வந்தாள். முகம் கழுவிவிடுவம் எண்டு யோசிக்காமல் சிவப்புக் குழாயைத் திறந்துபோட்டன். சுடுதண்ணியில பிள்ளையின்ர கை சிவந்துபோச்சுது. தங்கச்சி ஏசேல்லை. பிள்ளையை என்னட்டையிருந்து வாங்கிக்கொண்டு உள்ளுக்குப் போனாள். டோஹாவை விட்டு வந்ததிலயிருந்து நானும் இவரும் அவளின்ர வீட்டிலதான் இருக்கிறம்.

டோஹாவில கோடை முழுக்கச் சுடுதண்ணி ஹீட்டரை நிப்பாட்டி வைப்பம். மொட்டைமாடித் தாங்கியில தண்ணி கொதிக்கும். வீட்டுக்குள்ள ஹீட்டரில நிண்ட தண்ணிதான் குளிர். அது சிவப்புக் குழாயால வரும். கலியாணங்கட்டிப் போன புதிசில அந்தத் தண்ணிக்கும் புழுதிக்கும் அழுதிருக்கிறன். பிறகு எப்ப அந்த ஊர் பிடிச்சுதெண்டு தெரியேல்லை. பொழுதுபட்டாப் பிறகும் சூடு ஆறாத கடற்கரைக் கல்லில இருந்து தேத்தண்ணி குடிப்பம். இவருக்கு வேலை போக, விசாவும் போச்சுது.

டோஹாப் பழக்கத்தில சிவப்பைத் திறந்ததைப் பின்னேரம் இவரிட்டைச் சொன்னன். "விடும் அதை. அது எங்கட ஊரே?" எண்டார்.

சாப்பிட்டிட்டுக் கை கழுவப் போனவர் சிவப்பைத் திறந்துபோட்டு, வெடுக்கெண்டு கையை இழுத்தார். நான் பார்த்தனானோ எண்டு திரும்பிப் பார்த்தார்.

நான் குனிஞ்சு மேசையைத் துடைச்சுக்கொண்டு நிண்டன்.