துசாந்தனை இழுத்துச் செல்லும் இரண்டு நாய்கள்

பெப்ரவரி 12, திங்கள்

இன்றும் என் மனுசன் நாய் வண்டியில் போனார். நான் கச்சேரியில் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது ரொமியும் பிளக்கியும் வண்டியில் பூட்டப்பட்டுத் துள்ளிக்கொண்டிருந்தன. பழைய சைக்கிள் சில்லுகள் இரண்டை வைத்து வெல்டிங் கடையில் செய்வித்த வண்டி. நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும். நோர்வேயில் வண்டி இழுக்கும் நாய்களை வளர்க்கும் பண்ணையில் வேலை செய்தபோது பழகியதாம்.

அங்கே ஒன்பது வருடம் இருந்தும் விசா மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்த எட்டு மாதமும் துசாந்தன் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். மூன்று கிழமையாகத்தான் இந்த வண்டிக்காக எழும்புகிறார். எப்படித் தடுப்பேன்? ஆனால் தலையில் ஒன்றும் போடுவதில்லை. அதுவும் செட்டிபாளையம் மெயின் றோட்டில், கல்முனை பஸ்கள் பறக்கிற நேரத்தில்.

பெப்ரவரி 13

ஹெல்மெட் போடச் சொன்னேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பெப்ரவரி 20, செவ்வாய்

விழுந்துவிட்டார். மதகடியில் தெருநாய் ஒன்று குரைக்க ரொமி குறுக்கே பாய்ந்திருக்கிறது. ஹாண்டிலில் கட்டிய கயிறு தளர்ந்து முன்சில்லில் சுற்ற, இவர் றோட்டில். பின்னால் வந்த பஸ் பிறேக் பிடித்ததால் தப்பினார். பக்கத்து வீட்டுக் கனகசிங்கம் அண்ணன்தான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். புருவத்தில் ஐந்து தையல். பஸ் ஒரு முழம் தள்ளி நின்றதாம். ஒரு முழம்!

பெப்ரவரி 21

நாய்களை வண்டியில் பூட்டும் பட்டிகளையும் கயிற்றையும் நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். அவர் கேட்டால் என்ன சொல்வது?

பெப்ரவரி 27

கேட்கவேயில்லை. மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். சோறு வைத்தபடி இருக்கிறது. நாய்கள் வாசலில் முனகுகின்றன. உயிரோடு வீட்டுக்குள் இருக்கிறார், அது போதாதா எனக்கு? — போதவில்லை.

மார்ச் 2, சனி

சொல்லிவிட்டேன். கட்டிலில் பக்கத்தில் இருந்து, “பட்டிய நான்தான் ஒளிச்சு வைச்சன்” என்றேன்.

“தெரியும். நீ பயந்துபோய் இருக்கிறாய் எண்டுதான் கேக்கல்ல.”

அந்தப் பண்ணையில் யாரும் இப்படி விழ மாட்டார்களா என்று கேட்டேன். எழும்பி உட்கார்ந்து பேசத் தொடங்கினார். வந்ததிலிருந்து இவ்வளவு பேசியதில்லை. கயிற்றை ஹாண்டிலில் கட்டவே கூடாதாம், கீழே சட்டத்தில் கட்ட வேண்டுமாம். சில்லுக்கு முன்னால் ஒரு கம்பி நீட்டினால் கயிறு தளர்ந்தாலும் சில்லில் சிக்காதாம். கயிற்றின் நடுவில் இழுபடுகிற ரப்பர்த் துண்டு, ஹெல்மெட், கையுறை. தார் றோட்டில் புறங்கையை வைத்துப் பார்த்துச் சுட்டால் நாயை இறக்கக் கூடாதாம்.

“இவ்வளவும் தெரிஞ்சுகொண்டா அப்பிடி ஓடினீங்க?”

“எனக்கு என்ன நடந்தாலும் பரவாயில்ல எண்டு இருந்திச்சு, கலா.”

நான் அழவில்லை. எழுந்து போய்ப் பட்டிகளை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன். இனி மெயின் றோட்டு வேண்டாம், விடியக்காலையில் வாவிக்கரைக் கிறவல் மண் றோட்டால் மட்டும் என்றேன். ஓம் என்றார். நான் செய்தது சரியா?

மார்ச் 9

கம்பி பூட்டியாயிற்று. ஹெல்மெட்டும் வாங்கியாயிற்று. ஆனாலும் அவர் திரும்பி வரும்வரை எனக்குத் தேத்தண்ணி இறங்குவதில்லை. அரை மணித்தியாலம் அரை நாளாகப் போகிறது. உண்மையில் தலையில் போடுகிறாரா, வளைவு தாண்டியதும் கழற்றிவிடுகிறாரா?

மார்ச் 18, திங்கள்

ஆறு மணிக்குப் போனவர் ஐந்து நிமிடத்தில் நாய்களை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, வண்டியை உருட்டியபடி வந்தார். ஓடிப்போய்ப் பார்த்தேன். எங்கும் காயமில்லை. ஹெல்மெட் தலையிலேயே இருந்தது.

“பின் பிறேக் பிடிக்குதில்ல. திரும்பிட்டன். விழுந்தா நீ தனிய என்ன செய்வாய்?” என்றார்.

அரை நாள் லீவு போட்டேன். இருவருமாக வண்டியைச் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.