ஜானுவின் அளவில் தைத்த பாவாடை

அன்புள்ள ஹம்சினிக்கு, அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. புனேயில் நீயும் அத்தையும் மாமாவும் நன்றாக இருப்பது போனில் கேட்டுத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுத உட்காரும்போது இன்னொரு தரம் கேட்கத் தோன்றுகிறது. தினமும் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அங்கே போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். பின்னால் குக்கர், மாமாவின் டிவி, நடுவில் அத்தை "இன்னா ஷீலா, துன்னியா" என்று கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கதை பேசி வைத்துவிடுவேன். காலேஜிலும் நான் அப்படித்தான். நம் வீட்டில் முதல் டிகிரி என்று பெயர், மூன்று வருடத்தில் ஒரு சந்தேகம்கூட எழுந்து நின்று கேட்டதில்லை. பேப்பர் கொடுத்தால் மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவேன்.

அப்பா ஓட்டும் தரமணி பஸ்ஸில் அவருக்குக் காலை ஷிப்ட் மட்டும் என்று ஆகிவிட்டது, நாலு மணிக்கு கோட்டூர்புரம் வீட்டுக்கு வந்து அவரே டீ போட்டுக் குடிக்கிறார். நம் தையல் கடையில் சொர்ணத்துக்குப் புது மிஷின் வாங்கியாயிற்று. எம்பிராய்டரி போடும் அன்வரி பேகம் அக்கா உன்னை விசாரித்தார்கள், பொங்கல் சட்டையின் கையில் தான் போட்ட மாங்காய்ப் பூ பிடித்ததா என்று கேட்கச் சொன்னார்கள். பொங்கலுக்கு நான் தைத்து அனுப்பிய அந்தப் பாவாடை சட்டையைப் பற்றித்தான் எழுத வந்தேன். நீ போட்டோ அனுப்பியதும் "சரியா இருந்துச்சா" என்று கேட்டேன், "கரெக்ட்டா இருந்துச்சும்மா" என்றாய். கடையில் எல்லோருக்கும் காட்டினேன். பிறகு தனியாக உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தேன். ஜரிகைக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு வேறு சிவப்புத் துணி ஒட்டுப் போட்டிருந்தது. மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாதா? நான் தைத்தது உனக்குக் கணுக்காலுக்கு மேலே நின்றிருக்கிறது. அத்தை கடைக்குப் போய் நிறம் பார்த்துத் துணி வாங்கி, கையாலேயே தைத்து, என்னிடம் சொல்ல வேண்டாம் என்று உன்னிடமும் சொல்லியிருக்கிறார்கள்.

ஏன் குட்டையாகப் போயிற்று என்று உனக்குத் தெரியாது. உன் அளவு என்னிடம் இல்லை. அத்தையிடம் கேட்டால் அரை மணியில் அனுப்பியிருப்பார்கள், ஆனால் பெற்றவள் போய் இன்னொருத்தியிடம் என் பெண் எவ்வளவு உயரம் என்று கேட்பதா என்று எனக்கு வீம்பு. அந்த வாரம் பூஜா அக்கா ஜாக்கெட் வாங்க வந்தபோது அவர் மகள் ஜானுவும் வந்திருந்தாள். அவளும் எட்டாவது, உன் வயதுதான். கூப்பிட்டு நிற்க வைத்து டேப்பை வைத்தேன். "கூசுது ஆன்ட்டி" என்று நெளிந்தாள். சொர்ணம் வெட்டிக்கொண்டே, "இன்னாக்கா, மைலாப்பூர் பொம்பளைங்க அளவு பூரா உன் நோட்டுல கீது, நீ பெத்தது அளவு மட்டும் கடன் வாங்குறியே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அத்தை எனக்குப் போன் செய்து, இப்படியா தைப்பாய் என்று திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என் மனம் நோகக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறீர்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அத்தை மேல் பொறாமை. நீ கண்ணாடி போட்டது எனக்குப் போட்டோவில்தான் தெரிந்தது. என் கையால் கொடுத்தால் துப்புகிற பாகற்காயை அங்கே கேட்டு வாங்கித் தின்கிறாயாம். பேச்சில் "நம்ம வீடு" என்று நீ சொல்வது புனே வீட்டை. பொங்கலன்று போனில் அத்தை, "பத்தாவது வரைக்கும் இங்கியே படிக்கட்டுமே ஷீலா, நல்லாதானே கீறா" என்றார்கள். நீ பக்கத்தில்தான் இருந்தாய், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நீ பேசாத அந்த ஒரு நிமிடத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கடை ஆரம்பித்த புதிதில் நீ பூட்டிய வீட்டில் தனியாக இருந்தாய் என்றுதான் ஒரு வருடத்துக்கு உன்னை அங்கே விட்டோம். இப்போது இரண்டரை வருடம். எல்லாம் வேலையால்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. நீ இல்லாத வீட்டுக்குச் சீக்கிரம் போக மனம் வரவில்லை, அதனால் இன்னும் நாலு ஆர்டர் எடுத்தேன், ஆர்டர் இருக்கிறதே என்று உன்னைக் கூப்பிடுவதைத் தள்ளிப்போட்டேன். வேலையும் எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அடையாறில் தொழில் செய்யும் பெண்களுக்கு என்று ஒரு கூட்டம் நடத்தினார்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆளுக்கொரு பேப்பரில் வட்டம் போட்டு, தொழிலுக்கு எவ்வளவு, குடும்பத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கலர் அடிக்கச் சொன்னார்கள். பக்கத்துப் பெண் அழகாக மூன்று கலர் அடித்து, நடுவில் மகன் பெயரை எழுதினாள். அவன் கீழே விளையாடிக்கொண்டிருந்தான், ஜன்னல் வழியாகக் கை காட்டினான். அவள் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. என் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்ததும் முதல் காரியமாக, கடை மாலை ஆறு மணி வரை, ஞாயிறு விடுமுறை என்று எழுதி ஒட்டினேன். போன வாரம் தி.நகர் நகைக்கடை வீட்டு மீனாட்சி அம்மாள் வந்தார்கள். வைகாசிக் கடைசியில் கல்யாணம், நாற்பத்திரண்டு ஜாக்கெட். இரவும் தைத்தால்தான் முடியும். ஆறுக்கு மேல் தைப்பதில்லை என்றேன். "பிள்ளையத்தான் நாத்தனா வீட்டுல விட்டிருக்கீகளே, வீட்டுல யாரு ஒங்களுக்காகக் காத்துக் கெடக்கா?" என்று கேட்டார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வேறு இரண்டு டெய்லர்களின் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டேன். வந்த பணத்தை விட்டுவிட்டேன் என்று சொர்ணம் சாயங்காலம் வரை முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

உன் பரீட்சை முடியும் வாரம் கடையைப் பத்து நாள் பூட்டுகிறேன். நானும் அப்பாவும் புனே வருகிறோம். வர இரண்டு டிக்கெட், திரும்ப மூன்று டிக்கெட் போட்டுவிட்டேன். அப்பா, "எங்கக்காவ ஒரு வார்த்த கேக்காம போட்டுக்கினியே" என்றார். அத்தையைக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். உன்னைக் கேட்டால் நீயும் சொல்லிவிடுவாயோ என்று அதைவிடப் பயம். மூன்றாவது டிக்கெட்டை ரத்து செய்ய முடியும், அது எனக்குத் தெரியும். நீ அங்கேதான் இருக்கிறேன் என்றால் நான் அழுவேன், ஆனால் உன் மேல் கோபப்பட மாட்டேன். என்னைச் சமாதானப்படுத்த மட்டும் எதுவும் சொல்லாதே. சரியாக இல்லை என்றால் சரியாக இல்லை என்று என்னிடம் சொல். அத்தையிடம் சொல்லும் அளவுக்கு என்னிடமும் சொல், அது போதும்.

பரீட்சைக்கு நன்றாகப் படி, கண்ணாடியைக் கழற்றி எங்கேயும் வைத்துவிடாதே. நீ எந்த வீட்டில் இருந்தாலும் நல்லபடியாக இருக்க வேண்டும், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று கபாலீஸ்வரரிடம் வேண்டிக்கொள்கிறேன். மறக்காமல் இந்தக் கடிதத்தை அத்தைக்கும் படித்துக் காட்டு, பொறாமை என்று எழுதியிருக்கும் இடத்தையும் விட்டுவிடாமல்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
ஷீலா டில்லிபாபு